ஒரு திருகும் இரண்டு தட்டுகளும்

கண்டி நகரின் பெரிய கடைகளிலே நாய்க்கென்று செய்த உலர் உணவுப் பைகளை நாம் காண்கிறோம். சில அடி தள்ளிச் சோயாமீட் பொட்டலங்கள் இருக்கின்றன. முன்னது வசதி படைத்தோர் வீட்டு நாய்க்குரியது. பின்னது மீனும் இறைச்சியும் நாள்தோறும் வாங்க இயலாத குடும்பங்களுக்குக் கைகொடுப்பது. இவ்விரண்டும் ஒரே வகை இயந்திரத்திலிருந்து பிறந்தவை என்பதைப் பலர் அறியார்.

1860களில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் நாய்களுக்கெனத் தனி ரொட்டி சுட்டு விற்றார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1957இல், அமெரிக்க நிறுவனமான ரால்ஸ்டன் பியூரினா வேறொரு முறையிற் செய்த நாயுணவைப் பெருஞ் சந்தைக்குக் கொண்டுவந்தது. அம்முறை யாது?

அரைத்த சோளம், சோயா, இறைச்சித் தூள் முதலியவற்றைக் கலந்து, நீராவியாற் பதப்படுத்தி, உருக்குக் குழாயொன்றினுள் செலுத்துவர். உள்ளே சுழலும் திருகு மாவை நெருக்கித் தள்ளும். மாவு நூறு பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினும், அழுத்தத்தின் காரணமாக அதிலுள்ள நீர் கொதித்து ஆவியாகாது. அச்சுத் துளையால் வெளிப்பட்ட கணமே நீர் ஆவியாகச் சீறும். மாவு பொரிபோல உப்பும். சுழலும் கத்தி அதனைத் துண்டாக்கும். பின்னர் உலர்த்திக் கொழுப்புத் தெளிப்பர். முறுக்கு உரலைக் கண்ட நமக்கு இதன் அடிப்படை புதிதன்று.

இக்குழாய்க்கு மற்றொரு வல்லமையும் உண்டு. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளொன்று இருக்கிறது. வெப்பம் அதனை அழித்துவிடும். எனவே 1970களில், ஏழை நாடுகளின் பிள்ளைகளுக்கு உணவு செய்வதற்கென விலை குறைந்த திருகு இயந்திரங்களை அமெரிக்காவின் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். இலங்கையில் 1973இல் திரிபோஷாத் திட்டம் தொடங்கியது. முதலில் இறக்குமதி மாவையே நம்பியிருந்த அத்திட்டம், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இத்தகைய இயந்திரத்தில் உள்நாட்டுச் சோளத்தையும் சோயாவையும் பதப்படுத்தத் தொடங்கியது. கண்டிக்கு அருகே, 1638இல் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த கன்னொருவையிலே, சோயா உணவு ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது.

அக்காலத்து மலையகத்தை நாம் மறத்தலாகாது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டத்து லயன்களையே கடுமையாகத் தாக்கிற்று. 1974இல் தோட்ட மக்களின் மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. பிள்ளையின் பசிக்கு விஞ்ஞானம் விடை கண்டிருந்த அதே வேளையில், கொழுந்து பறித்த தாயின் பிள்ளை பசியால் வாடியது!

அவ்விடைவெளி இன்னும் மூடவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவ நூற்றுக்கு 17 பேர் என்றும், தோட்டப்புறத்தில் 32 பேர் என்றும் காட்டியது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பின் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் சோளமின்றித் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. இயந்திரம் பழுதடையவில்லை, அதனுள் இடுவதற்குத் தானியம் இல்லை.

நாய்க்கு உணவளிப்பதை நாம் குறை கூறவில்லை. வாயில்லாச் சீவனுக்கு இரங்குவது மனிதப் பண்பு. ஆனால் திருகு தானாக எதனையும் தேர்வதில்லை. எதை இடுவது, யாருக்காக இடுவது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். விலை கொடுக்க வல்லவரின் தேவையை மட்டும் சந்தை கேட்கும்; கொடுக்க இயலாதவரின் தேவையைக் கேட்க வேண்டியது அரசு.

ஆசிரியர்கள் வகுப்பறையில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் விளக்கும்போது இந்தக் குழாயை எடுத்துக்காட்டலாம். அதனோடு, அது யாருடைய தட்டை நிரப்பியது, யாருடைய தட்டை நிரப்பாமல் விட்டது என்னும் வினாவையும் மாணவர் முன் வைப்பார்களாக.