குதிரையின் துணைப்பிரிவு

ஒரே லாயத்திலோ ஒரே மேய்ச்சல் வெளியிலோ பழகிய குதிரைகளுள் ஒன்று விற்கப்பட்டோ, சவாரிக்குக் கொண்டுபோகப்பட்டோ, இறந்தோ நீங்கியபின், எஞ்சிய குதிரைக்கு உண்டாகும் மனக்கலக்கம் துணைப்பிரிவு எனப்படும். அது சில நாழிகையில் தணிவதும் உண்டு. நாட்கணக்கில் நீடித்து உடலைக் கெடுப்பதும் உண்டு.

தமிழ்நாட்டில் குதிரையின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலை அடுத்து வரிசையாக நிற்கும் கட்டடங்களைக் குதிரை லாயம் என்று இன்றும் காட்டுவர். சரூப் சிங்கின் மைந்தனாகிய தேஜ் சிங், நாட்டுமக்கள் நாவில் தேசிங்கு ராஜனாகி, 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் சேனையை எதிர்த்து மாண்ட வரலாற்றை விரித்துப் பாடும் கதைப்பாடல், அவனுடைய குதிரை பாராசாரியையும் நண்பன் மகபத்கானின் குதிரை நீலவேணியையும் மனிதருக்குச் சமமான பாத்திரங்களாக்கியிருக்கிறது. நண்பனும் குதிரையும் அடங்கிய இடமென்று ஊரார் சொல்லும் சமாதிகள் நீலாம்பூண்டியில் உள்ளன. ஆயினும், குதிரைக்கு எஜமானிடம் உள்ள பக்தியைப் போற்றிய கதை, குதிரைக்குக் குதிரையிடம் உள்ள பாசத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. லாயத்தில் பணிசெய்பவனுக்கோ முந்தியதைவிடப் பிந்தியதே அன்றாடம் கண்ணில் படுவது.

குதிரை சுபாவத்தால் கூட்டத்தில் வாழும் பிராணி. பகைவிலங்குக்கு இரையாகாமல் தப்பிப் பிழைத்த இனமாதலால், கூட்டத்தினின்று விலகித் தனித்து நிற்பதே அதற்கு ஆபத்தின் அறிகுறி. நின்றபடியே அரைத்தூக்கம் தூங்கவல்ல குதிரை, ஆழ்ந்து உறங்கப் படுக்கும்போது, பக்கத்தில் மற்றொன்று விழித்து நின்றால்தான் நிம்மதி கொள்ளும். நட்புக்கொண்ட இரு குதிரைகள் எதிரெதிராக நின்று, பிடரிமயிர் முடியும் தோள்மேட்டை ஒன்றுக்கொன்று பல்லால் கோதிவிடுவதைக் காணலாம். அவ்விடத்தில் மனிதன் கையால் தேய்த்தாலும் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறதென்று 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. குதிரைக்காரன் தினந்தோறும் செய்யும் மாலீஷுக்கு ரோமத்தைப் பளபளப்பாக்குவதற்கு மேலும் ஒரு பிரயோஜனம் உண்டென்பது இதனால் விளங்கும்.

துணை பிரிந்த குதிரை உரத்துக் கனைத்துப் பதிலுக்குக் காத்து நிற்கும், வேலியோரமாக ஓயாமல் நடக்கும், வேர்வை சொட்டும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், அடிக்கடி சாணமிடும், தீனியைத் தொடாது. அடைபட்ட குதிரையாயின் தலையையும் கழுத்தையும் இடவலமாக ஆட்டிக்கொண்டே நிற்கும் பழக்கம் பற்றிக்கொள்ளலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரப்பதால் உண்ணாமை புண்ணுக்கு வழிவகுக்கும். கழுதையின் நிலை இன்னும் விபரீதமானது: ஜோடியை இழந்து பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து உயிருக்கே மோசம் விளையும்.

பரிகாரங்களுள் தலையாயது, பிரிவு நேருமுன்பே பழக்குவது. முதலில் துணையைக் கண்ணுக்கு எட்டிய தூரமே நடத்திச் சென்று, நிற்கும் குதிரை பதறத் தொடங்குமுன் திருப்பிக் கொணர்ந்து, அது அமைதியாக இருந்த அளவுக்கு மறுமுறை தூரத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டி, இறுதியில் மறைவுக்கு அப்பாலும் கொண்டுசெல்ல வேண்டும். பதற்றம் முற்றியபின் அடக்க முயல்வதும் அடிப்பதும் வீண். அதனால் தனிமையோடு வலியும் சேர்ந்து நினைவில் பதியுமேயன்றி வேறு பயனில்லை. கயிற்றில் இறுகக் கட்டிவைப்பதும் தவறு. திமிறிக் காலை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. உறுதியான அடைப்புள்ள, பழகிய இடமே உசிதம். அங்கே தீனி வைக்கும்போது, நொடியில் தின்று தீர்க்கும் கொள்ளைவிட, மென்று மென்று நெடுநேரம் தின்னும் உலர்புல்லே நல்லது.

வேறொரு குதிரை கிடைக்காதவிடத்து வெள்ளாடோ கழுதையோ துணையாகும்; பந்தயக் குதிரைகளோடு ஆட்டைக் கட்டுவது மேனாட்டில் பழைய வழக்கம். லாயத்தில் கண்ணாடி பொருத்தினால் தலையாட்டம் குறைகிறதென்பதும் சோதனையில் தெரிந்தது. எனினும் பிம்பம் பிடரியைக் கோதாது. அதை அவசர உபாயமாகவே கொள்ளலாம். சுவிட்சர்லாந்து 2008-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகள், குதிரை தன்னினத்தைச் சேர்ந்த மற்றொன்றைக் காணவும் கேட்கவும் முகரவும் இடமிருக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்துகின்றன.

துணை இறந்துவிட்டால், பிரேதத்தை உடனே அகற்றாமல், எஞ்சிய குதிரை அணுகி முகர்ந்து தானே விலகும்வரை விட்டுவைப்பது நலமென்பது அனுபவஸ்தர் பலரின் கருத்து. நம் நாட்டில் ஜட்கா ஓடிய காலத்தில் வண்டிப்பேட்டையிலேனும் குதிரைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. இன்று கல்யாண ஊர்வலத்துக்கென வளர்க்கும் குதிரைக்கு அதுகூட வாய்ப்பதரிது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தையில் குதிரை வாங்குவோர், பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு, அது இதுவரை எதனோடு கட்டப்பட்டிருந்தது என்றும் விசாரித்து, கூடுமாயின் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். இயலாதவர், வீட்டிலுள்ள குதிரையோடு புதியதை முதலிலேயே ஒரே அடைப்பில் விடாமல், உதைத்துக்கொள்ள முடியாதபடி இடையில் வேலியிட்டுச் சில நாள் முகர்ந்து பழகவிட்டபின் சேர்க்கலாம்.