கணக்கு மேசையும் இரண்டாவது டிரைவரும்

நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். 1970களில் லோடு ஏற்றிக் கிளம்பிய ஒரு லாரி, ஊர் எல்லையைத் தாண்டியதும் முதலாளியின் கண்ணிலிருந்து முழுதாக மறைந்துவிடும். நாக்பூரில் டயர் வெடித்ததா, ஆக்ராவில் சரக்கு இறக்க நாலு நாள் காக்க வைத்தார்களா என்பதெல்லாம் டிரைவர் ஏதாவது ஒரு புக்கிங் ஆபீசில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து சொன்னால்தான் தெரியும். "முதலாளி, லோடு இறக்கியாச்சுங்க" என்ற ஒரு வரிக்காக முதலாளி வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கண்ணுக்குத் தெரியாத ஆளை நம்பி, கடனில் வாங்கிய வண்டியை ஒப்படைப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. டிரைவர்களை நிர்வகிக்கும் திறமை இங்கே அந்தத் தூரத்தில்தான் உருவானது.

நாமக்கல் வட்டாரத்துக்கு இந்தத் தொழில் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. மழையை நம்பிய மேட்டுக்காடு. விவசாயத்தில் நிலையான வருமானம் இல்லை. ஊர் வழியே வாரணாசி - கன்னியாகுமரி நெடுஞ்சாலை போனது. பழைய எண்ணில் 7, இன்றைய எண்ணில் 44. பக்கத்தில் சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1963இல் வந்தது. மூட்டைகளை ஏற்றிச் செல்ல லாரிகள் பெருகின. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், பின்னாளில் தென்மாநிலங்களுக்கெல்லாம் சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்கள் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வளர்ந்தன. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது நாமக்கல் ஏற்கெனவே லாரிக்குப் பெயர்போன ஊர்.

வண்டி வாங்கப் பணம்? மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம், 1954இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸை ஆரம்பித்தார். லாரிக்கு முறையான தவணைக் கடன் என்பது இந்த நாட்டில் வேரூன்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1979இல் ஆர். தியாகராஜனின் ஸ்ரீராம் குழுமம் இன்னொரு படி கீழே இறங்கி வந்து, பழைய லாரிகளுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது. வங்கிக் கணக்கோ வருமானச் சான்றோ இல்லாத டிரைவர்களை அந்த நிறுவனம் நம்பியது. சம்பளக் காகிதத்தைவிட ஆளையும் அவன் ஓட்டப்போகும் வண்டியின் வருமானத்தையும் பார்த்துக் கொடுத்த கடன்கள் அவை.

இதனால் கிளீனராகச் சேர்ந்த பையன் டிரைவராகி, டிரைவர் பழைய வண்டி ஒன்றுக்குச் சொந்தக்காரராகி, பிறகு இரண்டு மூன்று வண்டிக்கு முதலாளியாவது இங்கே பலமுறை நடந்த கதையானது. இது நிர்வாகத்தையே மாற்றிப்போட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், எதிரில் நிற்பவரின் வேலையைத் தானே செய்தவர். மலைப்பாதை ஏற்றத்தில் எந்த கியரில் போனால் எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடுங்குளிரில் வடநாட்டுச் சாலையோரம் வண்டிக்குள் படுத்த உடம்பு அவருடையது.

இந்த அனுபவம் முழுக்க வெளிப்படும் இடம், நடை முடிந்து டிரைவர் கணக்கு ஒப்படைக்கும் மேசை. கிளம்பும்போது கொடுத்த அட்வான்ஸ், வழியில் டீசலுக்குப் போனது, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், கிழிந்த தார்ப்பாய்க்குத் தையல், எடை மேடைக் கட்டணம், பேட்டா. இவற்றில் பாதிக்குத்தான் ரசீது இருக்கும். சோதனைச் சாவடியில் கொடுத்த மாமூலுக்கு யார் ரசீது தருவார்? இரவு இரண்டு மணிக்கு மறித்து நின்றவர்களுக்குக் கொடுத்ததற்கு? டிரைவர் சொல்வதுதான் கணக்கு. ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தேகப்பட்டுக் குறுக்கு விசாரணை செய்யும் மேனேஜரிடம் நல்ல டிரைவர் இரண்டு நடைக்கு மேல் நிற்க மாட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் மேனேஜரால் அடுத்த தவணை கட்ட முடியாது. எந்த மாநில எல்லையில் எவ்வளவு கேட்பார்கள், எந்த ஊரில் இறக்குக்கூலி அதிகம், மழைக்காலத்தில் எந்தச் சாலை எத்தனை லிட்டரைக் கூடுதலாக விழுங்கும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவரால் மட்டுமே நியாயமாக வெட்டவும் நியாயமாகக் கொடுக்கவும் முடிந்தது. கணக்கை அன்றன்றே முடித்து மிச்சத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது நல்ல முதலாளிக்கு அடையாளமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற ஆளை அடுத்த வாரம் வா என்று அலையவிட்டால், அவர் வாய்வழியாகவே அந்த புக்கிங் ஆபீசின் பெயர் ஒவ்வொரு டீக்கடைக்கும் போய்விடும்.

பணக் கணக்கில் இவ்வளவு தேர்ச்சி பெற்ற தொழில், தூக்கக் கணக்கில் மட்டும் தோற்றது. அதற்கான சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றது. ஆனால் 5 தொழிலாளர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. இரண்டு வண்டி, இரண்டு டிரைவர், இரண்டு கிளீனர் வைத்திருந்த சிறு முதலாளி அதற்கு வெளியே நின்றார். 1988இன் மோட்டார் வாகனச் சட்டம் இதே வேலை நேரத்தைச் சரக்கு வாகனம் ஓட்டும் எல்லோருக்கும் நீட்டித்தது. நடைமுறையில், லோடு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று தொலைபேசியில் ஒப்புக்கொண்டவர்தான் டிரைவரின் தூக்கத்தைத் தீர்மானித்தார்.

1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உண்மையான பாதுகாப்பு ஒன்று இருந்தது. மாநிலம் தாண்டி ஓட அனுமதி பெற்ற நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கால் நீட்டிப் படுக்க இருக்கை வேண்டும். பலர் இதை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. லைசென்ஸ் உள்ள கிளீனரையே இரண்டாவது டிரைவராகக் காட்டியவர்கள் உண்டு. இருந்தாலும் ஒரு வண்டிக்கு இரண்டு பேர் என்ற எண்ணத்தை அந்த விதி தொழிலுக்குள் நிறுத்தி வைத்தது.

வேறொரு விஷயத்தையும் இந்த வட்டாரம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். 1990களில் நாமக்கல் பகுதி அதன் கடுமையான தாக்குதலுக்கு ஆளானது. 1995இல் சென்னை தன்னார்வ சுகாதார சேவை மையம் அமெரிக்க உதவியுடன் தொடங்கிய தடுப்புத் திட்டம், லாரி நிற்கும் இடங்களுக்கே ஆட்களை அனுப்பியது. மாதக்கணக்கில் வீடு காணாத வாழ்க்கையின் விலை என்ன என்று அப்போதுதான் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். டிரைவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பதும் நிர்வாகத்தின் கேள்விதான் என்று அந்த ஆண்டுகள் வலியோடு காட்டின.

பிறகு வந்த மாற்றங்கள் வேகமானவை. செல்போன் வந்தது, ஜி.பி.எஸ். வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு மாநில எல்லைகளின் வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021இல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானது. ரசீதில்லாத செலவு சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாமல் போன லாரி, இப்போது மேனேஜரின் திரையில் புள்ளியாக நகர்கிறது. புள்ளி நின்றால் உடனே போன் அடிக்கிறது: "ஏன் வண்டிய நிறுத்துன?" தூங்குவதற்காக நிறுத்தியவருக்கு இது பெரும் கொடுமை. தூரம் தந்த சுதந்திரம் போனது. அதற்கு ஈடாக ஓய்வு கிடைக்கவில்லை.

2018இல் இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. லாரிகள் ஏற்றலாம் என்ற எடை உயர்ந்தது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதே ஆண்டில் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. பாரம் கூடியது, ஆள் குறைந்தது. டிரைவர் கிடைக்காத நிலையையும் செலவையும் காட்டி நியாயம் சொன்னார்கள். ஆனால் டிரைவர் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை அந்த முடிவு தொடவே இல்லை. அப்பாவின் வேலைக்கு மகன் வர மறுக்கிறான் என்பது நாமக்கல்லில் இன்று எந்த முதலாளியைக் கேட்டாலும் கிடைக்கும் பதில்.

மாற்று வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2014இல் தொடங்கிய ரிவிகோ என்ற நிறுவனம், சில மணி நேரத்துக்கு ஒரு டிரைவர் என்று அஞ்சல் ஓட்ட முறையில் லாரி ஓட்டியது. ஒருவர் குறிப்பிட்ட இடம் வரை ஓட்டி, எதிர்த்திசையில் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். வியாபாரமாக அது சொந்தக் காலில் நிலைக்கவில்லை. அதன் விரைவு சரக்குத் தொழிலை 2022இல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. ஆனாலும் டிரைவர் வீட்டில் தூங்கும்படி நெடுந்தூர லாரியை இயக்கிக் காட்டியது சிறிய சாதனை இல்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்ற விதியும் நல்ல தொடக்கம்.

ஏ.சி. கேபினில் ஒரே ஆள் இருபது மணி நேரம் உட்கார்ந்தால் பயன் இல்லை. நெடுந்தூர வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதியை அரசு திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திராமல் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி உரிமையாளர் சங்கங்கள் தாங்களாகவே அதைத் தொடங்கலாம். வாடகை பேசும்போதே இரண்டாவது ஆளின் பேட்டாவையும் சேர்த்துப் பேச அவர்களுக்கு வலிமை உண்டு. அவர்களில் பலர் டிரைவர் இருக்கையில் தூங்காமல் விழித்து ஓட்டியவர்கள்.