மலையகப் பாடசாலை வகைகளும் விளையாட்டு வளமும்

இலங்கைப் பாடசாலைகள் வகுப்பு மட்டத்தை வைத்தே பிரிக்கப்படுகின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை போவது வகை 2. தரம் 5 அல்லது 8 உடன் நிற்பது வகை 3. விளையாட்டை நினைத்து யாரும் வகுத்த பிரிவல்ல இது. ஆனாலும் நுவரெலியா, ஹட்டன் தோட்டப் பிள்ளைகளுக்கு மைதானமும் உடற்கல்வி ஆசிரியரும் வாய்ப்பதும் வாய்க்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

இந்த நிலையின் வேர் பழையது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமாரிடம் கேட்டதெல்லாம் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியும் ஒரு வகுப்பறையும்தான். 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டங்களை எட்டவில்லை. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, 1977 முதல் அந்தப் பள்ளிகள் படிப்படியாக அரசிடம் வந்தன. ஓரறைப் பள்ளியாக வந்தவை வகை 3 ஆகவே பதிவாயின. 1986இல் தொடங்கிய சுவீடன் உதவித் திட்டம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் முதலிடம் தந்தது. அன்றைய நிலையில் அது சரியான வரிசையே.

பணம் வரும் வழியும் வேறுபடுகிறது. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், மற்றவை மாகாண சபையின் கீழும் இயங்குகின்றன. கற்றல் பொருட்களுக்கான தர உள்ளீட்டு நிதி மாணவர் தொகையை ஒட்டியது. சிறிய பள்ளிக்குச் சிறிய தொகைதான். பற்றாக்குறையைப் பழைய மாணவர் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் நிரப்ப வேண்டும். நகரத்துக் கல்லூரிக்குக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் பழைய மாணவர் உண்டு. தோட்டப் பள்ளியின் சங்கத்தில் இருப்பவர்களோ நாட்சம்பளப் பெற்றோர்.

போட்டிகளைப் பிரிக்க வேறு வழியும் உண்டு: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 1973 முதல் மூன்று பிரிவுகள் உள்ளன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுப் புலமைப்பரிசிலே கிடையாது. பணமுள்ள கல்லூரி பெரும்பாலும் தன்னை ஒத்த கல்லூரியோடு மோதுகிறது. இங்கே பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளைப் பிரிப்பது வயதும் பாலும் மட்டுமே. கோட்டத்திலும் வலயத்திலும் வென்று மாகாணத்துக்குப் போகும் வகை 2 மாணவி, கண்டியின் பெரிய கல்லூரி மாணவியோடு ஒரே கோட்டில் நிற்கிறாள். தோட்டத்துக்கு வந்த தொழிலாளியின் பேரனான முத்தையா முரளிதரன் பந்துவீச்சில் வளர்ந்ததும் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில்தான்.

நிலமும் ஒரு தடை. 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 180 மீட்டர் நீளமும் 90 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட சமதரை தேவை. தேயிலைச் சரிவில் அது அரிது. அப்படி ஓரிடம் இருந்தாலும் காணி, 1992இல் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் கையில். கரப்பந்தாட்டத்துக்கு 18க்கு 9 மீட்டர் போதும். தோட்டப் பள்ளிகளில் அந்த வலையை அடிக்கடி காண்பதற்குக் காரணம் இதுவே.