வேலைவாய்ப்பு அலுவலகம் வந்த வரலாறு

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பிள்ளையின் பெயரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது, தமிழகக் குடும்பங்களில் நெடுங்காலம் ஒரு சடங்காகவே நிலைத்திருந்தது. அட்டை அலமாரிக்குள் போய்விடும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதோடு தொடர்பு முடிந்துவிடும். அவ்வலுவலகம் எதற்காகத் தோன்றியது, அதனிடம் வேறென்ன கேட்டுப் பெறலாம் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

வேலை தேடுவோர்க்கு அரசே கட்டணமின்றி உதவ வேண்டும் என்னும் கருத்து, பிரிட்டனில் 1909-இல் சட்டமாயிற்று. திட்டத்துக்குக் கருத்து வடிவம் தந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அந்நாளில் வர்த்தக வாரியத் தலைவராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில். 1910 பிப்ரவரி முதல் நாள் அங்கே தொழிலாளர் நிலையங்கள் திறக்கப்பட்டன. அதே பிரிட்டன் ஆண்ட இந்தியாவிலோ கதை வேறு. இத்தகைய நிலையங்களை அமைக்கக் கோரிய 1919-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்திய அரசு 1921-இல் ஏற்றுக்கொண்டது, ஏற்றதோடு சரி. 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆலை வாசலில் ஆட்கள் தாமே வந்து குவியும்போது இவற்றால் பெரும்பயன் விளையாது என்று ஒதுக்கியது. 1938-இல் அவ்வுடன்படிக்கையிலிருந்தே இந்தியா விலகிக்கொண்டது. வாசலில் குவிந்தவருள் யார் உள்ளே போவது என்பதை முடிவு செய்தவர் மேஸ்திரி. அவர் கையை நனைத்தவர்க்கே வேலை என்பது அந்த ஆணையத்துக்கும் தெரியாத செய்தியன்று.

ஏழையின் பசி செய்யாததைப் போர் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பட்டறைகளுக்கும் படைக்கும் கைத்தேர்ச்சி பெற்ற ஆட்கள் தேவைப்படவே, 1940-இல் அரசு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர் சிலர் பிரிட்டனுக்கே பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அவர்களைப் 'பெவின் பையன்கள்' என்றழைத்தனர். போர் முடியும் தறுவாயில் வேறொரு கவலை பிறந்தது: படையிலிருந்து விடுவிக்கப்படும் இலட்சக்கணக்கான இளைஞர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்காகவே 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைத் தாங்கியவர் டாக்டர் அம்பேத்கர். வேலை தேடித் தருவதும் தொழில் பழக்குவதும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1947-இல் நாடு பிரிந்தபோது, வீடிழந்து வந்தோர் இவ்வலுவலகங்களின் வாயிலில் நின்றனர். 1948-இன் தொடக்கத்தில் கதவு எல்லார்க்கும் திறக்கப்பட்டது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது, நாம் ஐ.டி.ஐ. என்றழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் பிள்ளைகள்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுகளாகவே இருந்தன. அவற்றை நிலைபெறச் செய்ததில் பெனகல் சிவராவுக்குப் பெரும் பங்குண்டு. சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் பழகியவர், பத்திரிகையாளர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அவர் தலைமையில் 1952-இல் அமைந்த குழு 1954-இல் அறிக்கை தந்தது. அமைப்பு நிரந்தரமாக வேண்டும். அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் போக வேண்டும். வேலை தேடித் தருவதோடு, எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழில் ஏற்றது என்று வழிகாட்டவும் வேண்டும் என்றது. 1956 நவம்பரில் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. வழிகாட்டும் பணியும் அதையொட்டித் தொடங்கியது. ஆனால் மக்கள் கண்ணில் பட்டது பதிவு வரிசை மட்டுமே.

நம் குடும்பங்களில் இக்குறை இன்னும் கூடுதலாக நேர்ந்தது. வாப்பா கொழும்பிலோ பினாங்கிலோ கடை வைத்திருந்தால் மகனும் அங்கே போய்க் கடைப் பழக்கம் கற்றான். அதுவே பயிற்சி, அதுவே வழிகாட்டல். அப்பழக்கத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. எனினும் பர்மாவிலும் இலங்கையிலும் வாசல்கள் அடைபட்ட பின்னும் வேறு வாசலைத் தேடிய வீடுகள் குறைவு. சபர் போன பிள்ளையின் அட்டையைப் புதுப்பிக்க நினைவூட்ட ஊரில் ஆளில்லை. பதிவு மூப்பும் அதனோடு போயிற்று.

1959-இல் இயற்றப்பட்டு 1960 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், அரசு நிறுவனங்களும் இருபத்தைந்து பேர் முதல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்து ஆளெடுக்கும் கடமை எவர்க்கும் இல்லை என்று அதே சட்டத்தின் நான்காம் பிரிவு கூறிவிட்டது! தெரிவிக்கத் தவறினால் முதன்முறை அபராதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாது. அரசுப் பணிகள் மட்டும் நிர்வாக ஆணைகளால் அலுவலகப் பட்டியலைச் சார்ந்திருந்தன. 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைகளை ஏற்றது. 1996-இல் மற்றொரு தீர்ப்பில், பட்டியலோடு நாளிதழ் விளம்பரமும் வேண்டும் என்றது. பதிவு மூப்பை மட்டும் நம்பியிருந்தவர்க்கு அது பேரிடியே.

ஐ.டி.ஐ.யின் கதை அப்படியன்று. 1973-இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமானம் பெருகியபோது, வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் சான்றிதழ்கள் கடல் கடந்தும் மதிப்புப் பெற்றன. கைத்தொழில் அறியாதவர் கடன்பட்டு, ஏஜெண்டுக்குப் பணங்கட்டி, எடுபிடி வேலைக்குப் போனார்கள். இதைக் கண்டுதான் போலும், தமிழ்நாடு அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கெனத் தானே ஒரு நிறுவனம் நிறுவியது.

பயிற்சித் துறை 2015-இல் தொழிலாளர் அமைச்சகத்தைவிட்டுத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. 1945-இல் ஒரே கூரையின்கீழ் இருந்தவை இரண்டாயின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய 1959 சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தின் பெயர் மாறியது. ஆளெடுக்கும் கடமை இல்லை என்ற வாசகம் மட்டும் மாறவில்லை. தமிழகத்தில் மாவட்ட அலுவலகங்களின் பலகையில் 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்ற சொற்கள் சேர்ந்துள்ளன. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில், அரசுப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள்.