ஆள் இறங்கிய பெட்டியில் கார் ஏறிய கதை

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில், பாலாற்றை அடுத்து, காஞ்சிபுரத்துக்குச் சற்று முன்பாக வாலாஜாபாத் நிலையம் உள்ளது. அங்கே நிற்கும் சில வண்டித் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழும். உருவத்தில் அவை பயணிகள் பெட்டிகளேதாம். அதே வளைந்த கூரை, அதே நீளம், அதே சக்கரங்கள். ஆனால் சன்னல் ஒன்றுகூட இல்லை. சன்னல் இருந்த இடத்தையெல்லாம் எஃகுத் தகடு மூடியிருக்கிறது. பக்கத்துக் கதவுகளும் அடைபட்டுள்ளன. பெட்டியின் முன்புறச் சுவரும் பின்புறச் சுவரும் மட்டும் அகலக் கதவுகளாகத் திறக்கின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தம்புதிய கார்கள்.

இவற்றுக்கு என்.எம்.ஜி. என்று பெயர். ‘நியூ மாடிஃபைடு கூட்ஸ்’ என்பதன் சுருக்கம். தமிழில் சொன்னால் ‘புதிதாக மாற்றியமைத்த சரக்குப் பெட்டி’. ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள பயணிகள் பெட்டியை வண்டி சுமக்கும் வண்டியாக மாற்றுவது எப்படி? புதிதாக ஒன்று செய்துகொள்ளாமல் பழையதை ஏன் தேடிப் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது வாலாஜாபாத். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் இங்கே படைமுகாம் இருந்தது. பின்னர் முகாம் போயிற்று. தறியும் உழவும் நின்றன. இரயிலின் கதை இதைவிடச் சுவையானது. 1865இல் ‘இந்தியன் டிராம்வே கம்பெனி’ அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே ஓர் இலேசான பாதையைப் போட்டது. தண்டவாளங்களுக்கு இடைவெளி 3 அடி 6 அங்குலம். 1878இல் அது மீட்டர் பாதை ஆயிற்று. பின்னர் வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டு வரை நீண்டது. நூறாண்டுக்கும் மேலாக மீட்டர் பாதையாகவே இருந்து, பிறகு அகலப் பாதையாக மாறியது. இந்தக் கடைசி மாற்றத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் பாதையாகவே இருந்திருந்தால், இங்கே ஏற்றிய சரக்கை வடநாட்டுக்கு இறக்காமல் கொண்டுபோக வழியே இல்லை. இடையில் ஒருமுறை இறக்கி மறுமுறை ஏற்ற வேண்டியிருக்கும். நெல் மூட்டைக்கு அது கூலிச் செலவு. புதுக் காருக்கோ கீறலும் நசுங்கலும்.

பாதை அகலமான காலத்தை ஒட்டியே சுற்றுவட்டாரமும் மாறத் தொடங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்துவந்த என்ஃபீல்டு நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் நெடுஞ்சாலை முடிவதும் வாலாஜாபாத்தில்தான். ஆலைக்கும் அகலப் பாதைக்கும் இடையே இவ்வளவு வசதியாக அமைந்த நிலையங்கள் அதிகம் இல்லை.

இனி, எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி.

இரயில்வேயிடம் மூடிய சரக்குப் பெட்டிகள் ஏராளம். உரமும் சிமெண்டும் உணவு தானியமும் அவற்றில்தான் போகின்றன. ஆனால் அவற்றின் கதவு பக்கவாட்டில் இருக்கிறது. பெட்டியின் நீளம் ஏறத்தாழ பதினாலரை மீட்டர். நான்கு மீட்டர் நீளமுள்ள காரைப் பக்கக் கதவு வழியே நுழைத்து உள்ளே திருப்புவது இயலாத காரியம். திறந்த தட்டைப் பெட்டியில் ஏற்றலாம். வெயில், மழை, தூசு, வழியில் எவராவது எறியும் கல் எல்லாவற்றுக்கும் கார் ஆளாகும். இன்னொரு குறையும் உண்டு. ஐம்பது, அறுபது டன் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்த சரக்குப் பெட்டியின் சுருள்வில்கள் மிகக் கடினமானவை. ஐந்து டன்னை மட்டும் ஏற்றினால் அவை அமுங்கவே மாட்டா. தண்டவாளத்தின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகச் சரக்குக்குப் போய்ச் சேரும்.

பயணிகள் பெட்டி அப்படியல்ல. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு திறந்துவைத்த பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் உதவியுடன் செய்யத் தொடங்கிய பெட்டியில் இரண்டு அடுக்கு வில்கள் உண்டு. சக்கர அச்சின் மேல் ஓர் அடுக்கு, அதனுடன் எண்ணெய் நிரப்பிய அதிர்வுத் தணிப்பான். அதற்கும் மேலே, பெட்டியின் உடலைத் தாங்கும் இடத்தில் இன்னோர் அடுக்கு. உறங்கும் குழந்தை விழித்துக்கொள்ளாதபடி செய்த ஏற்பாடு இது. புதுக் காருக்கு இதைவிட நல்ல மெத்தை கிடைக்குமா?

நீளமும் பொருந்தி வந்தது. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்கள் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் இருபது மீட்டர். 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம், நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமுள்ள சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அதன் பிறகு நம் நாட்டில் அந்த அளவுக்குள் அடங்கும் கார்கள் பெருகின. இரயில் பெட்டியை எண்ணி யாரும் அந்த வரியை விதிக்கவில்லை. ஆயினும் ஒரு பெட்டிக்கு ஐந்து, 25 பெட்டிகள் கொண்ட தொடருக்கு 125 என்ற கணக்கு அழகாக அமைந்துவிட்டது. 2020களின் தொடக்கத்தில் நேபாளத்துக்கு அனுப்பப்பட்ட ஹூண்டாய் கார்கள் வாலாஜாபாத்தில் ஏறி, உத்தரப் பிரதேச எல்லையில் உள்ள நௌதன்வா வரை இரயிலில் போயின. அந்தத் தொடரில் ஏறியவையும் சரியாக 125 கார்கள்.

மாற்றியமைக்கும் வேலை திருச்சி பொன்மலை போன்ற பணிமனைகளில் நடக்கிறது. முதலில் கழற்றும் வேலை. இருக்கைகள், படுக்கைகள், மின்விசிறிகள், கழிப்பறைகள், தண்ணீர்த் தொட்டிகள் யாவும் வெளியே வருகின்றன. பிறகு வெட்டும் வேலை. இங்கேதான் பொறியியலாரின் அறிவு தேவைப்படுகிறது. ஐ.சி.எஃப். பெட்டியை ‘இணைந்த’ பெட்டி என்கிறோம் அல்லவா? அதன் பொருள் இதுதான். பழைய மரப் பெட்டிகளில் கீழுள்ள இரும்புச் சட்டகம் ஒன்றே பாரம் தாங்கியது. மேலே இருந்தது வெறும் கூடு. புதிய முறையில் தரை, பக்கச் சுவர், கூரை மூன்றும் சேர்ந்து ஒரே எஃகுக் குழாயைப்போல் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. பக்கச் சுவரை வெட்டிப் பெரிய கதவு வைத்தால், குழாயைப் பக்கவாட்டில் கீறியது போல் ஆகிப் பெட்டி நடுவில் தொய்ந்துவிடும். முன், பின் சுவர்களின் கடமை வேறு. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் உள்ளே செருகிக்கொள்ளாமல் தடுப்பவை அவை. உள்ளே மனிதர் இருக்கும் வரை அந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. மனிதர் இறங்கிய பிறகு அதைத் திறக்கலாம். சன்னல்களைத் தகட்டால் மூடுவது திருட்டைத் தடுப்பதோடு, பக்கச் சுவருக்கு உரமும் சேர்க்கிறது. இழந்ததை ஓரளவு ஈடு செய்வதாக எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகத் தரை. மனிதரின் எடை தரையெங்கும் பரவி இறங்கும். காரின் எடையோ நான்கு உள்ளங்கை அளவு இடத்தில் குவிந்து இறங்கும். எனவே தரைக்கு எஃகுத் தகடு வேய்ந்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவும் பட்டையால் இழுத்துக் கட்டவும் வசதி செய்கிறார்கள். ஏற்றும்போது தொடரின் ஒரு முனையில் சாய்தளம் அமைத்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே பாலத் தகடு போட்டு, முதல் காரைக் கடைசிப் பெட்டி வரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 25 பெட்டிகளும் சேர்ந்து அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள தெருவாகிவிடுகின்றன.

மோட்டார் சைக்கிள் ஏற்றுவது இதனினும் நுட்பமானது. கார் தானாக நிற்கும்; இரு சக்கர வண்டி நிற்காது. ஸ்டாண்டை நம்பினால் முதல் வளைவிலேயே ஒன்று சாய்ந்து மற்றவற்றையும் சாய்த்துவிடும். முன் கைப்பிடியின் இருபுறமும் பட்டை கட்டி, முன் சக்கர வில் பாதி அமுங்கும் வரை கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அமுங்கிய வில் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருப்பதால் பட்டை தளராது. முழுவதும் அமுக்கிவிட்டால், குலுக்கல் வரும்போது வில்லுக்கு இடமில்லாமல் போய்ப் பட்டை அறுபடும். சொந்த மோட்டார் சைக்கிளை இரயிலில் பதிவு செய்து அனுப்பியவர்களுக்கு இன்னொரு விதியும் தெரிந்திருக்கும்: பெட்ரோல் தொட்டியைக் காலி செய்யாமல் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது. தரையில் தேங்கி, பொறிக்காகக் காத்திருக்கும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இதையே சிறிய அளவில் செய்கிறார்கள். சரக்கு ஏற்றும் மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கி, பின்கதவைச் சாய்தளமாக இறக்கி மோட்டார் சைக்கிளை ஏற்றுவர். அதே பெட்டியின் முன்பகுதியில் கட்டிலும் அடுப்பும் வைத்து, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சுற்றுலா போவர். டிரெய்லருக்கு ஒரு விதி உண்டு. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை இழுக்கும் கொக்கியின் மேல் விழ வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னே குவிந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளிந்து, இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடும். படுக்கையும் பெட்ரோலும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், தரை மட்டத்தில் காற்றுத் துளைகள் வைக்காமல் அங்கே உறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் இதற்கு நேரான உறவு இரயில்வேயின் முகாம் பெட்டி. தண்டவாளத்தைச் செப்பனிடும் பெரிய பொறிகளுடன் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்களுக்கு, பழைய பயணிகள் பெட்டியே வீடு. அதில் படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. 1991இல் தொடங்கிய ‘லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்’ மருத்துவமனை வண்டியும் பழைய பெட்டிகளை மாற்றிச் செய்ததுதான். 2020இல் கொரோனாத் தொற்றின்போது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தனிமைப்படுத்தும் அறைகளாயின. நடுப் படுக்கையை எடுத்து, சன்னலில் கொசுவலை அடித்து, ஒரு கழிப்பறையைக் குளியலறையாக்கினார்கள்.

ஆனால் முறையாக மாற்றுவதும், மாற்றாத பெட்டியை வீடாகப் பயன்படுத்துவதும் வேறு வேறு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி 9 பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே எடுத்துச் சென்ற எரிவாயு உருளையில் சமைத்ததே காரணம் எனப்பட்டது. சமைப்பதற்கென அமைக்காத பெட்டியில் அடுப்பு மூட்டினால், கதவு எத்தனை இருந்தும் புகைக்கு முன்னால் பயன்படுவதில்லை.

என்.எம்.ஜி. பெட்டிக்குக் குறை இல்லாமல் இல்லை. ஐந்து டன் காரைச் சுமக்க முப்பது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு ஓடுகிறது. இதைக் கண்டு, கார் ஏற்றுவதற்கென்றே இரண்டு தளங்கள் கொண்ட புதிய வகைப் பெட்டிகளை வடிவமைத்தனர். அவற்றாலான ஒரு தொடரில் 318 சிறிய கார்கள் வரை ஏறும். மணிக்கு 110 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய மேம்பட்ட என்.எம்.ஜி.யும் வந்துவிட்டது. கார்ப் போக்குவரத்தில் இரயிலின் பங்கு 2013–14இல் 1.5 விழுக்காடாக இருந்து, 2021–22இல் 16 விழுக்காடாக உயர்ந்ததில் இரு வகைகளுக்கும் பங்குண்டு. இரண்டு தளப் பெட்டிக்குப் பெருமுதலீடு வேண்டும். பழைய பெட்டியோ ஏற்கெனவே கையில் இருப்பது.

ஆயினும் அந்தக் கையிருப்பு ஒருநாள் தீர்ந்துவிடும். பெரம்பூரில் ஐ.சி.எஃப். வடிவப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. ஒரு பெட்டிக்கு விதித்த ஆயுள் 25 ஆண்டு. ஆகவே கடைசிப் பெட்டி பயணிகளை இறக்கிவிடுவது, மிகவும் பிந்தினால், 2043இல். அதற்குப் பின் வந்த எல்.எச்.பி. பெட்டி இன்னும் இரண்டு மீட்டர் நீளமானது. அதன் இணைப்பும் வேறு வகை. பக்கத் தாங்கிகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே கொக்கி. அந்தப் பெட்டிகள் முதுமை அடையும்போது, எந்தச் சுவரை வெட்டலாம் என்ற கணக்கைப் பணிமனைக்காரர்கள் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.