தென்னஞ்சாராயத்தின் வரலாறு: முந்தல் கரையோரத்தில் மரமும் வரியும்

சிலாபத்தைத் தாண்டிப் புத்தளம் நோக்கி வடக்கே போகும் நெடுஞ்சாலையில் முந்தல் வந்தால், ஒருபுறம் களப்பு, மறுபுறம் தென்னந்தோட்டம். சிலாபம், குருநாகல், புத்தளம் ஆகிய ஊர்களுக்கு இடையே விரியும் தென்னை முக்கோணத்தின் வடமேற்கு விளிம்பு இது. இந்தக் கரையில் தென்னஞ்சாராயத்தின் வரலாற்றைத் தேடுவோர் மரத்தைவிட வரியையே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தொழில். விரியாத பாளையைச் சீவல்காரர் இறுகக் கட்டி, பல நாள்கள் மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார். பிறகு நுனியைச் சீவி, பாளைநீர் சேரும் கலயமான முட்டியைக் கட்டுவார். மரத்துக்கு மரம் ஏறி இறங்காமல், உச்சிக்கு உச்சி கட்டிய இரண்டு தும்புக் கயிறுகளில், ஒன்றில் காலூன்றி மற்றதைக் கையால் பிடித்தபடி நடந்து போவார். தவறினால் உயிர் மிஞ்சுவது அரிது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைப்பட்டுக் கருப்பணி கிடைக்கும். தடவாவிட்டால் இயற்கை மதுவம் பாளைநீரிலுள்ள சுமார் 15 சதவீதச் சர்க்கரையில் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும், அதுவே கள். நாள் கடந்தால் அது வினாகிரியை நோக்கிப் புளிக்கும் என்பதால், கள்ளைத் தாமதமின்றி வடிக்க வேண்டும். வடித்த சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிரவிடும் வழக்கம் இன்றும் உண்டு.

இனி வரி. கள் சீவும் உரிமையையும் விற்கும் உரிமையையும் ஒல்லாந்தர் குத்தகைக்கு விட்டனர். பிரித்தானியர் அதே முறையைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் சாராயக் குத்தகையால் பெருஞ்செல்வம் சேர்ந்தது; ஜெரோனிஸ் டி சொய்சாவின் குடும்பம் இதற்கு அறியப்பட்ட சான்று. இந்தச் செல்வம் இலங்கையின் புதிய மேட்டுக்குடியை எவ்வாறு உருவாக்கியது என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சீவல்காரரின் கூலி அந்தக் கணக்கில் மிகச் சிறியது. குத்தகையின் இலாபத்தைப் பேசும் ஆய்வுகள் கயிற்றில் நடந்தவரைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு வருத்தமே.

திருப்பம் 1912இல் வந்தது. அந்த ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை ஏற்பாட்டை மாற்றி, அரசின் நேரடிக் கட்டுப்பாட்டை வலுப்படுத்தியது. கள்ளுத் தவறணைகளும் சாராயத் தவறணைகளும் தனித்தனியாயின. கள்ளுத் தவறணைகள் ஊர்தோறும் பெருகின. மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. டி. பி. ஜயதிலக்க, எஃப். ஆர். சேனநாயக்க போன்றோர் அதன் மேடைகளிலிருந்தே தேசிய அரசியலுக்கு வளர்ந்தனர். தென்னை வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தன் மரத்தில் கள் சீவினால் குற்றவாளி என்ற நிலை நிலைபெற்றது.

இந்த இடத்தில் ஜப்பானை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே உமே என்னும் பச்சைக் காயைக் கற்கண்டுடன் சாராயத்தில் ஊறவைத்து, மாதக்கணக்கில் பொறுத்திருந்து எடுப்பது உமேஷு. 1697ஆம் ஆண்டின் 'ஹொன்ச்சோ ஷொக்கான்' நூலில் இதன் செய்முறை இடம்பெற்றுள்ளது. பழத்தை வீட்டில் ஊறவைப்பதும் சட்டத்தின் பார்வையில் மது செய்வதாகவே இருந்தது. 1962இல் அங்கு மதுவரிச் சட்டம் திருத்தப்பட்டு, குறைந்தது 20 சதவீத மதுசாரம் கொண்ட சாராயத்தில் பழம் ஊறவைப்பது வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அதனால் உமே அறுவடைக் காலத்தில் வீடுதோறும் கண்ணாடி ஜாடி நிரம்புகிறது. முந்தலில் அத்தகைய வீட்டு மரபுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

இலங்கையில் அரச கூட்டுத்தாபனத்தின் வசமிருந்த வடிசாலைத் தொழில் 1992இல் தனியார்மயமானது. இன்று மலிவாக விற்கும் போத்தல்கள் பலவற்றில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வடித்த மதுசாரமே. தென்னையின் பங்கு சொற்பம். உமே, சர்க்கரை, மதுசாரம் தவிர வேறெதுவும் சேராத உமேஷுவுக்கு ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 2015இல் தனிப் பெயர்த் தரம் வகுத்துக்கொண்டனர். இங்கும் போத்தலின் முகப்பிலேயே தென்னையின் பங்கு எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் அச்சிடும்படி மதுவரித் திணைக்களம் கட்டாயப்படுத்த வேண்டும்.