ஜேம்ஸ் எஸ்டெஸ்: கெல்ப் காடுகளின் ஆய்வாளர்

ஜேம்ஸ் எஸ்டெஸ், வட பசிபிக் கெல்ப் காடுகளை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஆராய்ந்த அமெரிக்கக் கடல் சூழலியலாளர். கடல் நீர்நாய், கடல் முள்ளெலிகளை அடக்கி வைப்பதால்தான் கெல்ப் தழைக்கிறது என்பதை அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் நிறுவியவர். கடல் சூடேறும்போது கெல்ப் காடு பிழைக்குமா என்பதை வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, அங்கே வேட்டையாடும் விலங்கு எஞ்சியிருக்கிறதா என்பதும் தீர்மானிக்கிறது என்று அவரது ஆய்வுகள் காட்டின.

பின்னணி

குளிர்கடல்களில் பாறையைப் பற்றி வளரும் பெரிய பழுப்புக் கடற்பாசியே கெல்ப். மீனும் நண்டும் நத்தையும் அதன் நிழலில் வாழ்கின்றன. அதைத் தின்னும் கடல் முள்ளெலிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் வெறும் பாறைதான் மிஞ்சும். முள்ளெலியைத் தின்பது கடல் நீர்நாய். தோலடியில் கொழுப்புப் படலம் இல்லாத இந்த விலங்கு, குளிர்நீரில் உடற்சூட்டைக் காக்கத் தன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உணவை நாள்தோறும் உண்ண வேண்டும்.

அதன் அடர்ந்த உரோமமே அதற்கு எமனானது. 1741இல் பெரிங்கின் பயணக்குழு அலாஸ்காவை எட்டிய பின் ரஷ்ய உரோம வணிகர்கள் திரண்டனர். 1911 பன்னாட்டு ஒப்பந்தம் வேட்டையைத் தடுத்தபோது சிதறிய சில கூட்டங்களே உயிரோடு இருந்தன.

அம்சிட்காவும் செம்யாவும்

அலூசியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனைக்குத் தயாரானது. 1971 நவம்பர் 6இல் குண்டு வெடித்தது. அச்சோதனையையொட்டிய உயிரின ஆய்வுக்காக எஸ்டெஸ் அதற்கு முன்பே, 1970இல், தீவுக்கு வந்தார். நீர்நாய்களைக் கெல்ப் காடு எப்படி வாழவைக்கிறது என்பதே அவரது முதல் கேள்வி. கடற்கரைப் பாறைகளில் நட்சத்திரமீனின் பங்கை ஆராய்ந்திருந்த ராபர்ட் பெய்ன், அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடத் தூண்டினார்: நீர்நாய் கெல்ப்பை என்ன செய்கிறது?

விடை செம்யா தீவில் இருந்தது. வேட்டையில் அழிந்த நீர்நாய்கள் அங்கே திரும்பியிருக்கவில்லை. எஸ்டெஸ் நீரில் மூழ்கிப் பார்த்தபோது முள்ளெலிகள் தரையெங்கும் பரவியிருந்தன, கெல்ப் இல்லை. நீர்நாய்கள் வாழ்ந்த அம்சிட்காவை இதனுடன் ஒப்பிட்டு ஜான் பால்மிசானோவுடன் அவர் எழுதிய கட்டுரை 1974இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்து, சூழலியல் பாடநூல்களில் நிலைத்த சான்றாயிற்று.

வீழ்ச்சி

1990களில் அலூசியன் நீர்நாய்கள் வேகமாகக் குறைந்தன. நோயும் பட்டினியும் காரணமாகத் தெரியவில்லை. அடாக் தீவில் ஓர்க்கா திமிங்கிலங்கள் நுழைய முடியாத கிளாம் உப்பங்கழியில் நீர்நாய்கள் குறையவில்லை. திறந்திருந்த குலுக் விரிகுடாவில் குறைந்தன. ஓர்க்காக்களே கொல்கின்றன என்று எஸ்டெஸ் குழு 1998இல் முடிவுரைத்தது. அதற்குள் முள்ளெலிகள் எட்டு மடங்கு பெருகி, கெல்ப்பின் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

காலநிலை

நீர்நாய்கள் உள்ள கடலில் கெல்ப் கூடுதலாகச் சேர்த்துவைக்கும் கரிமம் 44 லட்சம் முதல் 87 லட்சம் டன் என்று 2012இல் கிறிஸ் வில்மர்ஸ், எஸ்டெஸ் உள்ளிட்டோர் மதிப்பிட்டனர்.

டக் ராஷர் தலைமையில் 2020இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழத்துக்குச் சென்றது. அலூசியன் கெல்ப் காடுகளின் அடித்தளம், பவளம்போல் சுண்ணாம்பு ஓடு கட்டும் செம்பாசி. மரத்தின் வளையங்களைப் போல அதன் ஆண்டு அடுக்குகளில் முள்ளெலி கடித்த தடங்கள் பதிந்திருந்தன. நீர்நாய்கள் மறைந்ததும் கடிகள் பெருகியதை அவை காட்டின. வெப்பமும் அமிலத்தன்மையும் கூடிய நீரில் அந்த ஓடு நலிந்து, கடி மேலும் ஆழமாக இறங்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் தெரிவித்தன. நூற்றாண்டுகளாக வளர்ந்த பாறைத்திட்டு சில ஆண்டுகளில் கரைகிறது.

கலிஃபோர்னியாவிலும் இதே சிக்கல் எழுந்தது. 2013இல் தொடங்கிய நோய் முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திரமீனை அழித்தது. 2014–16 கடல் வெப்ப அலை தொடர்ந்தது. நீர்நாய் இல்லாத வட கலிஃபோர்னியாவில் கெல்ப் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. நீர்நாய்கள் வாழும் மான்டெரேயிலோ வெற்றுப்பாறைகளுக்கிடையே கெல்ப் திட்டுகள் தப்பின. அந்தத் திட்டுகளில் இருந்த கொழுத்த முள்ளெலிகளையே நீர்நாய்கள் தேடித் தின்றன. வெற்றுப்பாறையில் பட்டினியால் வற்றியவற்றைச் சீண்டவில்லை. அதனால் அவை எஞ்சிய காட்டைக் காத்தன, அழிந்த காட்டை மீட்கவில்லை என்று 2021இல் ஜோஷுவா ஸ்மித் குழு பதிவு செய்தது.